கோட்டுக்கு இந்தப் பக்கம்

என் நாவல்களில் அப்பாக்கள் சீக்கிரம் செத்துவிடுவார்கள். அப்பா தப்பித்தால் அம்மா, அம்மாவும் தப்பித்தால் உயிருக்குயிரான தோழி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எழுதுகிற நாவல்கள் அவை. முதல் அத்தியாயம் முடிவதற்குள் யாரையாவது வழியனுப்பினால்தான் அந்தப் பெண்ணை மைதானத்துக்கு இழுத்துவர முடியும். பிறகு அவள் ஓடுவாள், இல்லை கபடி ஆடுவாள். விழுவாள், முட்டி பெயரும், நாலு பேர் சிரிப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் ரிப்பனை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போவாள். ரிப்பனோடு துக்கமும் அறுந்துவிடும்.

சென்னையில் என் புத்தகங்களைப் போடுகிற பதிப்பகத்தில் ஒரு எடிட்டர் அம்மாள் இருக்கிறார். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் "ட்ராமா ப்ளஸ் ஸ்போர்ட்ஸ்". இரண்டும் சேர்ந்தால் பிள்ளைகள் ஒரே மூச்சில் படித்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. தப்பில்லை, படிக்கத்தான் செய்தார்கள். நான் சித்தூரில் இருக்கிறேன். கணவருக்கு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலை. சீசனில் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம் என்பதால் எழுத எனக்கு நேரம் கிடைத்தது. ஓட்டத்தைப் பற்றி மூன்று புத்தகம் எழுதிய நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை.

எங்கள் குடும்பத்தில் ஓடத் தெரிந்தவள் ஒருத்திதான். திருப்பதியில் இருக்கும் என் தம்பி மகள்.

தம்பி வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். மலைக்கு, காணிப்பாக்கத்துக்கு, காளஹஸ்திக்கு என்று யாத்திரைக்காரர்களை ஏற்றி இறக்குவான். மகள் இங்கிலீஷ் மீடியம், இரண்டாவது பாஷை தெலுங்கு. தமிழ் பேசுவாள், படிக்க வராது. எல்லையில் இருக்கிற வீடுகளில் இது சகஜம். அத்தை எழுதின புத்தகத்தைப் பார்த்தால் அவளுக்கு எறும்பு ஊர்வது மாதிரி இருக்குமாம். அதனால் அவள் சின்னவளாக இருந்தபோது தம்பிதான் என் முதல் நாவலை அவளுக்கு வாசித்துக் காட்டினான். முடித்ததும் அவள் கேட்டாளாம்:

"அந்தப் பொண்ணு ஜெயிச்சதும் அவங்க நைனா திரும்பி வந்துட்டாரா?"

"செத்தவங்க எப்டிம்மா வருவாங்க?"

"அப்ப எதுக்கு அவ்ளோ ஓடினா?"

இதை என்னிடம் போனில் சொல்லிவிட்டுத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "உன் கதைய ஒரே கேள்வில முடிச்சிட்டாக்கா" என்றான். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அவள் ஓடப் பழகியது திருமலைக்கு ஏறுகிற அலிபிரி படியில். திருப்பதிப் பிள்ளைகள் பலர் அப்படித்தான். அடிவாரத்தில் பாதால மண்டபத்தைத் தாண்டினால் படி ஆரம்பம். அங்கிருந்து பாதி வழியில் இருக்கும் காலி கோபுரம் வரைக்கும் ஒரே ஏற்றம். சாமி மலை என்பதால் ஷூ போட்டு ஏறக்கூடாது. விடிந்ததும் தம்பி அவளைக் கூட்டிப்போவான். அவள் ஷூவைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஏறுவாள். காலி கோபுரத்தைத் தொட்டுவிட்டு இறங்கி வருவாள். அவள் வரும்வரை அவன் டீக்கடை பக்கத்துச் சிமெண்ட் மேடையில், மடியில் அவள் ஷூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒன்பதாம் வகுப்பில் அவள் ஆயிரத்து ஐநூறு மீட்டரில் மாநில அணி செலக்‌ஷன் வரைக்கும் போய்விட்டாள் என்றால் அதற்கு அந்தப் படிகள்தான் காரணம்.

போன வருஷம் ஒரு காலை, அவள் மேலே போயிருந்தபோது தம்பி அந்த மேடையிலேயே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு. அவள் இறங்கி வந்தபோது கூட்டமாக நின்றார்கள். பிரசாதம் ஏதோ கொடுக்கிறார்கள் என்று நினைத்தாளாம். யாரோ அவள் ஷூவை ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள். கூட்டத்தைக் கடந்து ஷூவை எடுக்கப் போனபோதுதான் பார்த்தாள்.

நான் சித்தூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே வெறுங்காலோடு நின்றிருந்தாள். அழவில்லை. கால் முழுக்கப் படிகளில் பூசியிருந்த மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருந்தது. டாக்டர் எங்களிடம், உட்கார்ந்த இடத்திலேயே உயிர் போயிருக்கிறது, பக்கத்தில் டாக்டரே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். இதை நான் அவளிடம் சொன்னேன். அவள் அம்மாவும் சொன்னாள். தலையாட்டினாள். புரிந்துகொண்டாள் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

காரியம் முடிந்த அன்று நகரியிலிருந்து வந்திருந்த பெரியப்பா ஒன்று சொன்னார். எங்கள் பக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. மலையே ஆதிசேஷன், அவன்மேல் தீட்டோடு கால் வைக்கக்கூடாது என்பார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். படியில் ஓடுவது மலை ஏறுவதில் சேருமா என்பதுதான் கேள்வியாகிவிட்டது.

"கோயிலுக்குப் போவல பெரிப்பா. பாதி வழில திரும்பிடுவா. எக்ஸர்சைஸ் மாதிரி" என்றேன் நான்.

"மொத படிய மிதிச்சாலே மலைய மிதிச்ச மாரிதாம்மா. அப்பறம் அந்தப் புள்ளைக்கி ஒன்னு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"எனக்குத் தீட்டு இல்லயே பெரிப்பா. நானும் இந்த வூட்டுப் பொண்ணுதான்."

"நீ கட்டிக்குடுத்த பொண்ணு. ஒனக்கு மூணு நாளோட போச்சி. அவ இன்னும் நம்ம வூட்டுக்காரி."

நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற வார்த்தை எல்லோர் வாயையும் அடைத்துவிட்டது. தம்பியோடு கூடப் பிறந்த எனக்கு மூன்றே நாளில் மலை திறந்துவிட்டது, அவன் பெற்ற பெண்ணுக்கு ஒரு வருஷம் சாத்திக் கிடந்தது. அவள் மட்டும் இதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சரி தாத்தா என்றாள்.

படி இல்லையென்றால் மைதானம் இருக்கிறதே என்று அவளுடைய கோச் கூட்டிக்கொண்டு போனார். ஒழுங்காகப் போனாள். முன்பைவிட நன்றாக ஓடுகிறாள் என்றுதான் அவரும் முதலில் சொன்னார். பிறகு ஒருநாள் போன் செய்து, சித்தூரில் ஒரு போட்டி இருக்கிறது, வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்றார்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கல்லூரி மைதானத்தில் நடந்தது. நான் பந்தலுக்குக் கீழே நின்றேன். அவள் ஆரம்பத்தில் நடுவில் ஓடினாள், பிறகு ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள், கடைசிச் சுற்றில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. கடைசி வளைவைக் கடந்து நேர்ப்பாதைக்கு வந்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே என்று நினைத்தேன்.

கோட்டுக்கு நாலைந்து எட்டு இருக்கும்போது அவள் நின்றுவிட்டாள்.

விழவில்லை, தசை பிடிக்கவில்லை, மூச்சுகூடப் பெரிதாக வாங்கவில்லை. நின்றாள், அவ்வளவுதான். கோச் கயிற்றுக்கு வெளியிலிருந்து "பரிகெத்து, பரிகெத்து" என்று ஓடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். பின்னால் வந்த பெண்கள் அவளை இடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார்கள். அவள் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் முடித்த பிறகு ஓரமாக விலகி, புல்லில் இறங்கி நடந்து போய்விட்டாள். கோட்டை மிதிக்கவே இல்லை.

"பிரதிசாரி இந்தே மேடம்" என்றார் கோச். ஒவ்வொரு தடவையும் இப்படித்தானாம். பிராக்டீஸில்கூட. திட்டிப் பார்த்திருக்கிறார், கெஞ்சிப் பார்த்திருக்கிறார், கோட்டுக்கு அப்பால் தானே நின்று கை நீட்டியும் பார்த்திருக்கிறார். "ஏம் செய்யாலி, மீரே செப்பண்டி" என்று என்னைக் கேட்டார். என்ன செய்வது என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? கதை எழுதுகிறவள் என்பதால் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார் பாவம்.

அன்று அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து தோசை வார்த்துப் போட்டேன். நன்றாகவே சாப்பிட்டாள். ஏம்மா நின்னுட்ட என்று கேட்டதற்கு, "தெரில அத்தே, காலு வரல" என்றாள். இன்னொரு தோசை துன்றியா என்றேன். போடு என்றாள். அதற்குமேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தோம். திருப்பதியில் மனநல டாக்டரம்மா ஒருவர், ஜெயித்தால் சந்தோஷப்பட வேண்டியிருக்கும், அப்பா இல்லாமல் சந்தோஷப்பட அவள் மனசு ஒப்பவில்லை என்றார். கோச், பயம் என்றார். பெரியப்பா, கண்ணு பட்டுடிச்சி என்றார். தம்பி மனைவிதான் எங்கள் எல்லோருக்கும் பிடித்த காரணத்தைச் சொன்னாள்.

"அவளுக்கு அந்தப் படிதாங்க்கா எல்லாம். அவங்க நைனா கூட இருந்த எடம். அத புடுங்கிட்டோம். வருசம் திரும்பட்டும், மல ஏறட்டும், தன்னால சரியாயிடும்."

கேட்டதும் மனசுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? அது ஒரு நாவல் மாதிரியே இருந்தது. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நாட்காட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். செலக்‌ஷன் வந்தது, போனது, அவள் பேர் இல்லை. பரவாயில்லை, தெவசம் முடியட்டும் என்றோம். பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவை எடுத்துவிடுவோம் என்றார்கள். தெவசம் வரைக்கும் பொறுங்கள் சார் என்று நானே போய்க் கெஞ்சினேன். எடிட்டர் அம்மாள் நாலாவது நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கேட்டு மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பினார். அவரிடமும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். என்ன காரணம் என்று சொல்லவில்லை.

இந்த வருஷம் தெவசம் கொடுத்து முடித்த மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் அலிபிரிக்குப் போனோம். தம்பி மனைவிக்கு முழங்கால் வலி, அவளால் ஏற முடியாது. ஆனால் அவள் ஒன்று யோசித்து வைத்திருந்தாள். ஆட்டோவில் வரும்போது என் காதோரம் சொன்னாள்: "அவ ஏற ஆரம்பிச்சதும் நான் போயி அவுரு உக்கார்ற எடத்துல உக்காந்துக்கறேங்க்கா. ஷூவ மடில வெச்சிகினு. எறங்கி வரும்போது அந்த எடம் காலியா இருந்தா அவளுக்குத் தாங்காது." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷன் உயிர் விட்ட இடத்தில் போய் உட்கார எவ்வளவு மனசு வேண்டும் என்று நினைத்து நானும் அழுதுவிட்டேன்.

மகள் ஷூவைக் கழற்றிக் கொடுத்தாள். முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொஞ்ச தூரம் எனக்காக நடந்தாள். பிறகு, "அத்தே, நான் போட்டுமா?" என்றாள். போ என்றேன். படிக்குப் படி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டு வேண்டுதல்காரப் பெண்கள் குனிந்தபடி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒருத்தரையும் இடிக்காமல் அவள் ஏறிய ஏற்றத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு வருஷம் படியை மிதிக்காத கால் மாதிரியே இல்லை. நான் உட்கார்ந்து உட்கார்ந்து, கோவிந்தா கோவிந்தா என்று போகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, ஒரு வழியாகக் காலி கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அவள் கோபுரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, வேர்த்து, சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி செத்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் மனசுக்குள் கடைசி அத்தியாயம் வரிவரியாக ஓடியது. பக்கத்துக் கடையில் வெள்ளரிக்காய் வாங்கி உப்பும் மிளகாயும் தூவி இரண்டு பேரும் சாப்பிட்டோம். பிறகு, கிளம்பலாமா என்று எழுந்தேன்.

"எறங்க வேணாம் அத்தே."

"கொஞ்ச நேரம் ஒக்காரணுமா?"

"இல்ல. இங்கியே இருக்கலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"நான் ஏறிகினு இருந்தப்ப நைனா நல்லாதான் இருந்தாரு. இங்க வந்து கோபுரத்த தொட்டப்பகூட நல்லாதான் இருந்திருப்பாரு. கீழ போனப்பதான் இல்ல. கிரவுண்டுலயும் அப்டிதான் அத்தே. கோடு வரைக்கும் ஓடலாம். கோட்ட தாண்டிட்டா ஓட்டம் முடிஞ்சிபோவுது. முடிஞ்சா போயி பாக்கணும்."

ஒரு வருஷமாக நாங்கள் எல்லோரும் கண்டுபிடித்த காரணங்களில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் வரவில்லை. ஏற முடியாததுதான் அவளுக்குக் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஏறுவதில் அவளுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

"டாக்டர் சொன்னாரே கண்ணு. யாரு இருந்திருந்தாலும்..."

"தெரியும் அத்தே." கையிலிருந்த வெள்ளரிக்காய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கி எறங்கும்போது ஒரு ஃபேமிலி போட்டோ எடுத்துக்குடும்மான்னு கேட்டாங்க. நின்னு எடுத்தேன். அந்தப் பாப்பா கண்ண மூடிடிச்சின்னு இன்னொன்னு எடுக்கச் சொன்னாங்க. அதயும் எடுத்தேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வருஷமாக அந்தப் போட்டோவைச் சுமந்துகொண்டுதான் எங்களோடு சாப்பிட்டாள், தூங்கினாள், பள்ளிக்கூடம் போனாள். நான் அவளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டேன்.

"அம்மா ஆட்டோலயா இருக்காங்க?" என்றாள் திடீரென்று.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. "கீழ இருக்கா. உன் ஷூவ வெச்சிகினு உக்காந்திருக்கா" என்றேன்.

"எங்க? நைனா எடத்துலயா?"

நான் தலையாட்டினேன். "போன் போடு அத்தே, போன் போடு" என்று என் பையைப் பிடுங்கினாள். போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, எழுந்து நில்லு."

"ஏம்மா? நான் நல்லாதான் கீறேன். நீ நிதானமா எறங்கி வா."

"அங்க உக்காராதம்மா. எழுந்து வேற எங்கியாச்சும் போ. பேசிகினே போ. நிறுத்தாத."

தம்பி மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மகள் குரலைக் கேட்டு எழுந்துவிட்டாள். டீக்கடைக்கு இந்தப் பக்கம் நிக்கறேன் என்றாள். என்ன பேசறது என்றாள். எதையாச்சும் என்றாள் மகள். அதனால் அவள் வாயில் வந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். எதிரில் ஒரு கர்நாடகா பஸ் வந்து நிற்கிறது. வீட்டில் முருங்கைக்கீரை உருவி வைத்திருக்கிறது. மேல்வீட்டுக்காரி மோட்டாரை மறுபடியும் போட்டுவிட்டு மறந்துவிட்டாள். அவள் மூச்சு விட ஒரு கணம் நிறுத்தினாலும், "அம்மா?" என்றாள் இவள்.

பேசிக்கொண்டே இறங்கிவிடலாம் என்று நான் அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். எழுந்தாள். படி விளிம்பு வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

"கீழ வளைவுல சிக்னல் இருக்காது அத்தே. கட்டாயிடும்."

எனக்கு அது தெரியாது. எந்தப் படியில் நிழல், எந்தப் படியில் வழுக்கல், எங்கே சிக்னல் போகும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் மனப்பாடம். மேலே நடந்து திருமலைக்குப் போய் பஸ் பிடிக்கலாமா என்று யோசித்தேன். அந்த பஸ்ஸும் அலிபிரிக்குத்தான் வந்து நிற்கும். தம்பி மனைவியை மேலே வரச் சொல்லலாமா என்று கேட்டேன். "வேணாம், அவங்களுக்கு மூச்சு வாங்கும்" என்று அலறினாள். எல்லா வழியையும் அவள் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தாள்.

போனில் அவள் அம்மா, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு குழந்தை தொப்பி வேண்டுமென்று அழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி மகள் இறங்கும் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். மூன்று நாவல் எழுதிய அத்தைக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள்.

"எவ்ளோ வேகமா எறங்கினா லேட்டாவாது அத்தே?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழிருந்து அவள் அம்மா பேசிக்கொண்டே இருந்தாள்.